யார் வீட்டு சேனல்?



ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வழக்கமாகப் பார்க்கிற சேனல் ஒரு நாள் திடீரென்று வரவில்லை. என்ன செய்வோம்? ரிமோட்டைத் தட்டிப் பார்ப்போம். ஒயரை ஆட்டிப் பார்ப்போம். அப்புறம் கேபிள்காரருக்கு போன் போடுவோம். "மேலேயே நிறுத்திட்டாங்க, எங்களுக்கும் ஒண்ணும் சொல்லலை" என்பார் அவர்.

அந்த 'மேலே' யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? நம் ஹாலுக்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்று முடிவு செய்கிறவர்கள் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார்களா?

இப்படி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மெக்சிகோவின் வடமேற்கு மூலையில் இருக்கிற ஒரு டிவி ஸ்டேஷன் ஞாபகம் வரும். ஊர் திஹுவானா. ஸ்டேஷன் பெயர் எக்ஸ்இடிவி. சேனல் நம்பர் 6. 1953 முதல் 2017 வரை ஒரு நாட்டில் நின்றுகொண்டு இன்னொரு நாட்டு வீடுகளுக்காகப் பேசிய ஸ்டேஷன் அது. அதன் கதையை இந்த இதழில் கொஞ்சம் விரிவாகவே உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசை. தூரத்து ஊர்தான். ஆனாலும் டிவி இருக்கிற எந்த வீட்டுக்கும் இது அந்நியமாகத் தெரியாது என்று நம்புகிறேன்.

திஹுவானா, அமெரிக்க எல்லையை உரசிக்கொண்டு நிற்கிற ஊர். வேலிக்கு அந்தப் பக்கம் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ. எல்லையில் கூட்டம் இல்லாவிட்டால் காரில் அரை மணி நேரம். இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வேலை, இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் என்று வாழ்கிற குடும்பங்கள் அங்கே ஏராளம். இன்று திஹுவானா பெரிய நகரம். 1950 வாக்கில் அறுபதாயிரம் சொச்சம் பேர்தான். சான் டியேகோவில் அப்போதே மூன்று லட்சம் பேருக்கு மேல். கப்பற்படைத் தளம், விமானத் தொழிற்சாலைகள், மாதச் சம்பளக்காரர்கள் என்று கையில் காசு புழங்கிய ஊர்.

அவ்வளவு பெரிய ஊருக்கு இருந்தது ஒரே ஒரு டிவி ஸ்டேஷன்தான். 1949-ல் தொடங்கிய கேஎஃப்எம்பி, சேனல் 8. இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், கடைசியில் மறுபடி வரும்.

ஏன் ஒன்றோடு நின்றது? அமெரிக்காவில் ஸ்டேஷன்கள் அடுத்தடுத்து முளைத்து, ஒன்றின் படம் இன்னொன்றில் விழுந்து குழப்பம் ஆனது. எஃப்சிசி என்று சொல்லப்படுகிற அவர்களுடைய தகவல் தொடர்பு ஆணையம், 'கொஞ்சம் பொறுங்கள், சேனல்களை ஒழுங்காகப் பிரித்துத் தருகிறோம்' என்று 1948-ல் புது லைசென்ஸ்களை நிறுத்திவைத்தது. சில மாதங்களில் முடிந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். 1952 வரை இழுத்துவிட்டது. கடையில் டிவி பெட்டி இருக்கிறது, வாங்க ஜனங்கள் இருக்கிறார்கள், பார்க்கத்தான் இரண்டாவது சேனல் இல்லை.

அந்தத் தடை மெக்சிகோவைக் கட்டுப்படுத்தாது இல்லையா? எல்லைப் பகுதியில் இரண்டு நாடுகளும் பேசிச் சேனல்களைப் பங்கு போட்டுக்கொண்டபோது 8, 10 இரண்டும் சான் டியேகோவுக்கும், 6, 12 இரண்டும் திஹுவானாவுக்கும் கிடைத்தன. எல்லையின் கிழக்குக் கோடியில் மாத்தமோரோஸ் என்ற ஊரில் 1951-லேயே ஒரு மெக்சிகோ ஸ்டேஷன், எதிர்க்கரையில் இருந்த டெக்சாஸ்காரர்களுக்குப் படம் காட்டத் தொடங்கியிருந்தது. வழி தெரிந்துவிட்டது.

திஹுவானாவில் அந்த வழியில் இறங்கியவர் எமிலியோ அஸ்கார்ராகா விடாவுரெட்டா. மெக்சிகோ நகரத்தில் 1930-ல் எக்ஸ்இடபிள்யூ வானொலியைத் தொடங்கி நாடு முழுவதும் பெயர் வாங்கியவர். அவர் குடும்பம்தான் பிற்பாடு டெலிவிசா என்ற மாபெரும் நிறுவனத்தை நடத்தியது. 1953 ஏப்ரல் 29 அன்று எக்ஸ்இடிவி ஒளிபரப்பைத் தொடங்கியது. திஹுவானாவின் முதல் டிவி ஸ்டேஷன். சான் டியேகோவின் இரண்டாவது ஸ்டேஷனான சேனல் 10 அதற்குப் பல மாதங்கள் கழித்து, அந்த செப்டம்பரில்தான் வந்தது.

மரத்தின் வேர் ஒரு வீட்டில், காய்ப்பது அடுத்த வீட்டுப் பக்கம் என்று சில மரங்கள் உண்டல்லவா? எக்ஸ்இடிவி அப்படி ஆனது. கோபுரம் மெக்சிகோ மண்ணில், லைசென்ஸ் மெக்சிகோ அரசு கொடுத்தது. நிகழ்ச்சியோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். விளம்பரம் கொடுத்தவர்கள் சான் டியேகோ கடைக்காரர்கள். அவர்கள் டாலரில் பணம் கொடுத்தார்கள், ஸ்டேஷன் அவர்கள் ஊர் ஜனங்களைப் பார்த்துப் பேசியது. வியாபாரக் கணக்கு. அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் திஹுவானா வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஊருக்கே முதல் டிவி வந்திருக்கிறது. ஆசைப்பட்டு பெட்டி வாங்கி, ஆன்டெனா கட்டி, அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தால் திரையில் ஆங்கிலம் ஓடுகிறது. ஸ்பானிஷ் நிகழ்ச்சிகளுக்கும் கொஞ்சம் நேரம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் வீட்டில் இருக்கிற பாட்டிக்கும் சமையல்கட்டில் வேலையாக இருக்கிற அம்மாவுக்கும் புரிகிற மொழியில் ஒரு முழுச் சேனல் வர 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் எக்ஸ்இடபிள்யூடி, சேனல் 12, ஸ்பானிஷில் வந்தது. சேனல் 6 முழுக்க ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டது.

பிள்ளைகள் விஷயம் வேறு. கார்ட்டூன் பார்த்தே ஆங்கிலம் பிடித்துக்கொண்டோம் என்று சொல்கிறவர்களை அந்த ஊரில் நிறையப் பார்க்கலாம். பெரியவர்கள் 'புரியலையே' என்று எழுந்து போன இடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். எந்த வீட்டிலும் நடக்கிறதுதானே இது?

1956-ல் ஒரு பெரிய திருப்பம். அமெரிக்காவில் அப்போது மூன்று பெரிய டிவி நெட்வொர்க்குகள். சான் டியேகோவின் இரண்டு ஸ்டேஷன்களை சிபிஎஸ்ஸும் என்பிசியும் பிடித்துக்கொண்டன. மூன்றாவதான ஏபிசிக்கு, சாதாரண டிவியில் தெளிவாக வரக்கூடிய உள்ளூர் சேனல் வேறு இல்லை. எல்லை தாண்டி வந்து எக்ஸ்இடிவியோடு கைகோத்தது. அமெரிக்க நெட்வொர்க், மெக்சிகோ ஸ்டேஷன். பார்க்கிறவர்களுக்கு மூன்றாவதாக ஒரு நல்ல சேனல் கிடைத்தது, அவ்வளவுதான். யார் கோபுரம் எந்த மண்ணில் நிற்கிறது என்று சாப்பிட்டுக்கொண்டே டிவி பார்க்கிற எந்தக் குடும்பம் யோசிக்கும்?

போட்டியாளர்கள் யோசித்தார்கள். கேஎஃப்எம்பியின் அப்போதைய உரிமையாளர்கள், இதற்கு அனுமதி கொடுத்தது சரியில்லை என்று வழக்கே போட்டார்கள். ஏனென்றால் இதற்கு அனுமதி தேவைப்பட்டது. அமெரிக்காவிலிருந்து நிகழ்ச்சியை வெளிநாட்டு ஸ்டேஷனுக்கு அனுப்பி, அதைத் திரும்ப அமெரிக்க வீடுகளே பார்க்கிற மாதிரி செய்தால் எஃப்சிசியிடம் முன்அனுமதி வாங்க வேண்டும் என்று 1934-ம் வருஷச் சட்டம் ஒன்று சொல்கிறது.

டிவியே வீடுகளுக்கு வராத காலத்தில் இப்படி ஒரு சட்டம் எதற்கு? இதற்குப் பின்னால் இருப்பது ஒரு போலி வைத்தியர் கதை.

ஜான் பிரிங்க்லி என்று ஒருவர். கான்சாஸ் மாநிலத்தில் மருத்துவமனை நடத்தினார். ஆண்மைக் குறைவா, கவலையை விடுங்கள், ஆட்டுக்கடாவின் விதைச் சுரப்பியை எடுத்து உங்களுக்குப் பொருத்துகிறேன் என்று சொல்லி ஆபரேஷன் செய்தார். சொந்தமாக ஒரு வானொலி நிலையமும் வைத்திருந்தார். கடிதம் எழுதிக் கேட்கிறவர்களுக்கு மைக்கிலேயே மருந்து சொல்வார். நோயாளியின் நாடியைப் பார்த்தது கிடையாது, முகத்தைப் பார்த்தது கிடையாது. 1930-ல் அவருடைய டாக்டர் லைசென்ஸும் போனது, வானொலி லைசென்ஸும் போனது.

மனிதர் அசரவில்லை. மெக்சிகோ எல்லையைத் தாண்டி வீயா அகூன்யா என்ற சின்ன ஊரில் மிகப் பெரிய சக்தியோடு ஒரு ரேடியோ ஸ்டேஷனை வைத்தார். அமெரிக்காவிலிருந்து டெலிபோன் லைன் வழியாகப் பேசுவார். அது மெக்சிகோ கோபுரம் வழியாக அமெரிக்கா முழுவதும் கேட்கும். அவரைத் தடுக்கத்தான் 1934 சட்டத்தில் அந்தப் பிரிவைச் சேர்த்தார்கள். இன்றும் அதைப் பிரிங்க்லி சட்டம் என்றே சொல்கிறார்கள்.

'ஒரே வாரத்தில் சுகர் போகும்', 'ஒரே டப்பாவில் முடி வளரும்' என்று நடுராத்திரியில் டிவியில் வந்து சத்தியம் செய்கிறவர்களை நாமும் பார்க்கிறோம். அதை நம்பிப் பணத்தையும் உடம்பையும் கெடுத்துக்கொள்கிற குடும்பங்களையும் பார்க்கிறோம். அதனால் பிரிங்க்லியைத் தடுக்க வந்த சட்டத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். வீட்டுக்குள் வருகிற குரலுக்கு யாராவது பொறுப்பேற்கத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு சட்டம் எதற்காகப் பிறந்ததோ அதற்கு மட்டும் பயன்படும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. போலி வைத்தியருக்காகச் செய்த பூட்டு, குடும்ப நிகழ்ச்சிகள் காட்டிக்கொண்டிருந்த எக்ஸ்இடிவியின் கதவில் விழுந்தது. வழக்குகளைத் தாண்டி அனுமதி தொடர்ந்தது என்றாலும் அது நிரந்தரமில்லை, புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்குள் சான் டியேகோவில் சேனல் 39 என்று ஒரு ஸ்டேஷன் 1965-ல் வந்தது. 'எங்கள் நாட்டிலேயே நாங்கள் இருக்கும்போது ஏபிசி எதற்கு வெளிநாட்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்?' என்று அது கேட்டது. நியாயமான கேள்விதான். 1972-ல் எஃப்சிசி அனுமதியைத் திரும்பப் பெற்றது. 1973-ல் ஏபிசி, சேனல் 39-க்குப் போனது.

அப்புறம் நடந்ததையும் கேளுங்கள். நான்கே வருஷம். 1977-ல் ஏபிசி சேனல் 39-ஐயும் விட்டுவிட்டு சேனல் 10-க்குப் போய்விட்டது. இவ்வளவு போராடி வாங்கினது கையில் தங்கவில்லை. இந்த மாற்றங்கள் அத்தனையிலும் பார்வையாளர் செய்தது என்ன? திங்கள்கிழமை ஒரு நம்பரில் வந்த நிகழ்ச்சியை அடுத்த திங்கள்கிழமை வேறு நம்பரில் தேடினார். அதோடு சரி.

எக்ஸ்இடிவி பழைய சினிமாக்களும் பழைய தொடர்களும் கார்ட்டூன்களுமாகக் காலத்தை ஓட்டியது. மெக்சிகோ ஸ்டேஷன் என்பதால் அந்த நாட்டுச் சட்டப்படி அரசு அறிவிப்புகளுக்கு நேரம் கொடுக்க வேண்டும், மெக்சிகோவின் தேசிய கீதத்தை ஒலிபரப்ப வேண்டும். பக்கத்து நாட்டின் கீதம் தங்கள் ஹாலில் கேட்டு வளர்ந்த அமெரிக்கப் பிள்ளைகள் உண்டு. வேலிக்கு அந்தப் பக்கமும் நம்மைப் போலவே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று பாடப்புத்தகம் சொல்லித் தராததை இது சொல்லித் தந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1986-ல் ஃபாக்ஸ் என்ற நான்காவது நெட்வொர்க் அமெரிக்காவில் பிறந்தபோது அதன் முதல் கூட்டாளிகளில் ஒன்றாக எக்ஸ்இடிவி சேர்ந்தது. மறுபடி நல்ல காலம். அனுமதியை எதிர்த்து 1990-களில் மறுபடி கோர்ட்டு வழக்கும் வந்தது. 2008 ஆகஸ்டில் ஃபாக்ஸும் வேறு சான் டியேகோ ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. அதற்குப் பதிலாக சிடபிள்யூ என்ற சின்ன நெட்வொர்க் வந்தது. எல்லாம் எங்கோ நடந்த கான்ட்ராக்ட் விஷயங்கள்.

நடுவில் நடந்த ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1999 கடைசியில் எக்ஸ்இடிவி சொந்தமாகச் செய்திப் பிரிவு தொடங்கியது. கடன் வாங்கிய நிகழ்ச்சிகளை விட்டு, தன் ஆட்களை மைக்கோடு தெருவுக்கு அனுப்பியது.

இனி 2013-க்கு வருகிறேன். மெக்சிகோவில் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாற முடிவு செய்தபோது முதலில் தேர்ந்தெடுத்த ஊர் திஹுவானாதான். எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்க ஸ்டேஷன்கள் 2009 ஜூனிலேயே மாறிவிட்டிருந்தன. திஹுவானாவில் மே 28 அன்று பழைய ஒளிபரப்பை நிறுத்தினார்கள். வசதி குறைந்த வீடுகளுக்கு முன்கூட்டியே டிஜிட்டல் பெட்டியும் ஆன்டெனாவும் அரசே கொடுத்திருந்தது. ஆனால் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. பழைய டிவியில் வெறும் புள்ளிகள்.

நம் வீட்டில் டிவி நின்றால் என்னவெல்லாம் நிற்கிறது? வயசானவர்களின் பகல் பொழுது நிற்கிறது. பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் உட்கார வைக்கிற வழி நிற்கிறது. மழை வருமா, தண்ணீர் வருமா என்ற தகவல் நிற்கிறது. கேபிள் கட்ட முடிந்தவர்களுக்கு இது ஒன்றுமில்லை. கூரையில் கம்பி ஆன்டெனா வைத்திருக்கிறவர்களுக்குத்தான் இருட்டு.

அப்போது ஒரு விஷயம் நடந்தது. அந்த ஜூலை 7-ம் தேதி அங்கே ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். டிவி இல்லாத வீடுகளுக்குத் தேர்தல் தகவல்கள் எப்படிப் போய்ச் சேரும் என்ற கேள்வி எழுந்தது. சில நாட்களிலேயே பழைய ஒளிபரப்பு திரும்ப வந்தது. தேர்தல் முடிந்தபின், ஜூலை 18 அன்று மறுபடி நிறுத்தப்பட்டது.

இந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். இந்த ஸ்டேஷனின் அறுபது வருஷக் கதையில், 'வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரிகிறதா' என்று அதிகாரத்தில் இருந்தவர்கள் கவலைப்பட்டு முடிவை மாற்றிக்கொண்டது எனக்குத் தெரிந்து இந்த ஒரு தடவைதான். ஓட்டு கையில் இருந்ததால் கேட்டார்கள். பரவாயில்லை, கேட்டார்களே. அந்த அனுபவத்துக்குப் பின் நாடு முழுவதும் மாறும்போது மெக்சிகோ அரசு வேறு வழி எடுத்தது. ஏழைக் குடும்பங்களுக்குச் சுமார் ஒரு கோடி டிஜிட்டல் டிவிக்களையே இலவசமாகக் கொடுத்தது. 2015 டிசம்பர் 31-ஐ ஒட்டி பெரிய ஸ்டேஷன்கள் மாறி முடித்தன.

கடைசி அத்தியாயம் 2017. சிடபிள்யூ நெட்வொர்க்கும் எக்ஸ்இடிவியை விட்டுப் போகிறது என்று ஜனவரியில் அறிவிப்பு. எங்கே போனது தெரியுமா? கேஎஃப்எம்பியின் ஒரு துணைச் சேனலுக்கு. 1949-ல் ஊரின் ஒரே ஸ்டேஷனாக இருந்து, அறுபது வருஷத்துக்கு முன் எக்ஸ்இடிவியை எதிர்த்து வழக்குப் போட்ட அதே ஸ்டேஷன்.

நெட்வொர்க் போவது மே மாதக் கடைசியில்தான். அதற்கு முன்பே, மார்ச் 31-ம் தேதியோடு செய்திப் பிரிவை மூடிவிட்டார்கள். சான் டியேகோ அலுவலகத்தின் வேலையும் முடிந்தது.

அதே வருஷம் பிப்ரவரியில் அந்த ஊரில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். திஹுவானா பக்கம் கழிவுநீர்க் குழாய் பழுதாகி, பெருமளவு சாக்கடை நீர் திஹுவானா ஆற்றில் கலந்து, எல்லையைத் தாண்டி அமெரிக்கக் கடற்கரை ஊரான இம்பீரியல் பீச் வரை போனது. எச்சரிக்கை வரும் முன்பே நாற்றம் வந்துவிட்டது. 'எங்களுக்கு ஏன் சொல்லவில்லை' என்று அந்த ஊர் மேயரே கோபப்பட்டார். சாக்கடைக்கு பாஸ்போர்ட் கிடையாது. ஒரு பக்கம் உடைந்தால் மறு பக்கம் நாறும். அப்படிப்பட்ட இடத்தில், இரண்டு பக்கமும் கால் வைத்திருந்த ஒரு ஸ்டேஷனின் செய்தி அறையை அடுத்த மாதமே பூட்டினால் நஷ்டம் யாருக்கு?

அங்கே வேறு செய்திச் சேனல்கள் இருக்கின்றன, அதை மறைக்கவில்லை. ஆனாலும் எந்த ஊரிலும் தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர், பள்ளிக்கூடச் சுவர், மருத்துவமனை வரிசை இவற்றைக் கேமராவில் காட்டுகிற ஆள் ஒருவர் குறைந்தாலும் அது அந்த ஊர் வீடுகளுக்குக் குறைதான். தலைநகரச் செய்தி எப்படியும் நம்மைத் தேடி வந்துவிடும். பக்கத்துத் தெருச் செய்திக்குத்தான் நாதி இல்லை. அதனால்தான் சொல்கிறேன், உள்ளூர்ச் செய்தி தருகிறவர்கள் இருந்தால் பாருங்கள். நன்றாகச் செய்தால் ஒரு போன் போட்டுப் பாராட்டுங்கள். தப்பாகச் சொன்னால் அதையும் சொல்லுங்கள். ஸ்டேஷனை நடத்துகிறவர்கள் கணக்குப் பார்க்கும்போது, 'இதை ஜனங்கள் பார்க்கிறார்கள்' என்று ஒரு வரி அந்தக் கணக்கில் இருக்கட்டும்.

எக்ஸ்இடிவியின் கோபுரம் இன்னும் திஹுவானாவில்தான் இருக்கிறது. ஆங்கிலம் போய், டெலிவிசாவின் சேனல் 5 அதில் வருகிறது. கலர் டிவி ஆராய்ச்சியில் உலகத்தின் முன்னோடிகளில் ஒருவரான மெக்சிகோ இன்ஜினியர் கில்லெர்மோ கொன்சாலஸ் கமரேனா 1952-ல் தொடங்கிய சேனல் அது. பிள்ளைகள் நிகழ்ச்சிகளுக்குப் பேர்போனது. 1953-ல் திஹுவானா பாட்டிக்குக் கிடைக்காத ஸ்பானிஷ் இன்று அந்த நம்பர் ஆறின் வாரிசு வழியாக நாள் முழுவதும் கிடைக்கிறது. நிகழ்ச்சிகள் வருவது மட்டும் மெக்சிகோ நகரத்திலிருந்து.

உங்கள் ஊர்ச் செய்தி உங்களுக்கு எங்கிருந்து கிடைக்கிறது? லோக்கல் சேனலா, வாட்ஸ்அப்பா, டீக்கடையா? நீங்கள் விரும்பிப் பார்த்த ஏதாவது ஒரு நிகழ்ச்சி காரணம் சொல்லாமல் நின்றுபோயிருக்கிறதா? நின்றபோது நீங்கள் யாரிடமாவது கேட்டீர்களா, பதில் வந்ததா? நாலு வரியானாலும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் வாசகர் கடிதப் பகுதியை முழுக்க இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்